கடலும் கரையும் – 9: மலையேறிய சிப்பிக்காரர்கள்

சென்ற வாரம் பிரான்சின் லுவார் ஆறு கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்தோம். 1984-இல் அந்தக் கரைக்கு ஒரு ஜப்பானியர் வந்தார். பெயர் ஷிகேஅத்சு ஹதாகேயாமா. மியாகி மாகாணத்தின் கெசென்னுமாவில், மோனே விரிகுடாவில் தகப்பன் காலத்திலிருந்து சிப்பி வளர்ப்பவர். லுவாரின் கொழுத்த சிப்பிகளைக் கண்டவர், ஆற்றோடு மேலே போய்ப் பார்த்தார். அங்கே அகன்ற இலை மரக்காடுகள் இருந்தன. தம் ஊரில் குறைவது எது என்பது அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது.

மோனே, பள்ளத்தாக்கு கடலில் மூழ்கி உண்டான குறுகிய விரிகுடா. பசிபிக்கின் பேரலை உள்ளே வராது என்பதால் சிப்பிக்கு ஏற்ற இடம். ஆனால் அலை புகாத இடத்தில் அழுக்கும் எளிதில் வெளியேறாது. 1960களிலும் 70களிலும் வீட்டுக் கழிவும் பூச்சிமருந்தும் சேர்ந்து, நுண்பாசி பெருகிக் கடலே சிவந்தது. அதைத் தின்ற சிப்பியின் சதையும் ரத்த நிறமானது. டோக்கியோ சந்தைக்குப் போனவை குப்பைக்குத்தான் போயின.

சிப்பிக்கு யாரும் தீனி போடுவதில்லை. குஞ்சுகள் ஒட்டிய ஸ்காலப் ஓடுகளைக் கயிற்றில் கோத்து மிதவையிலிருந்து தொங்கவிடுவார்கள், அவ்வளவுதான். வளர்ந்த ஒரு சிப்பி நாளொன்றுக்குச் சுமார் 200 லிட்டர் நீரை வடிகட்டித் தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். ஆறு எதைக் கொண்டுவருகிறதோ, அதுதான் சிப்பியின் உடம்பு.

ஹொக்கைதோ பல்கலைக்கழக வேதியியலாளர் கத்சுஹிகோ மத்சுநாகா இதற்கு விளக்கம் தந்தார். இலைமக்கில் உண்டாகும் ஃபுல்விக் அமிலம் இரும்பைப் பிடித்துக்கொண்டு, அது படிந்துவிடாமல் கடல்வரை கொண்டுசேர்க்கிறது. இரும்பு இல்லாமல் நுண்பாசி வளராது. நுண்பாசி இல்லாமல் சிப்பி இல்லை.

1989-இல் ஹதாகேயாமாவும் மற்ற மீனவர்களும் பக்கத்து மாகாணமான இவாதேயின் முரோனே மலைக்கு ஏறினார்கள். கெசென்னுமா விரிகுடாவில் சேரும் ஒகாவா ஆற்றின் மேட்டுநிலம் அது. நல்ல பாடு கிடைத்த நாளில் படகில் ஏற்றும் வண்ணக் கொடிகளை மலையில் பறக்கவிட்டு, அகன்ற இலை மரக்கன்றுகளை நட்டார்கள். மரம் நட்டதால் மட்டுமே கடல் தெளிந்தது என்று நான் எழுத மாட்டேன். ஆற்றோரத்தில் குடியிருப்பவர் மனம் மாறாமல் எந்தக் காடும் போதாது. அதை அறிந்துதான் ஹதாகேயாமா மலைப்பள்ளிப் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துவந்தார். வலையில் வடித்த மிதவை உயிரிகளைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் குடிக்கக் கொடுப்பார். சிப்பி குடிப்பதை அவர்களும் குடித்தார்கள். வீடு திரும்பிய பிள்ளைகளில் சிலர் ஷாம்பூவைக் குறைத்துக்கொண்டார்கள். இந்த முயற்சியில் என்னை அதிகம் தொட்டது இதுதான்.

2011 மார்ச் 11 ஆழிப்பேரலை மிதவைகளையும் படகுகளையும் அள்ளிப் போனது. ஹதாகேயாமாவின் தாயும் பலியானார். ஆனால் சில மாதங்களில் நீரில் உயிர்கள் திரும்பியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். மிதவைகள் மறுபடி இறங்கின.

அரசு 9.9 மீட்டர் உயரத்தில் கடற்சுவர் கட்ட நினைத்தது. எல்லாம் இழந்திருந்த மோனே மக்கள் வேண்டாம் என்றார்கள். வீடுகளை மேட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்தத் துணிவு சாதாரணமானதல்ல. நிலநடுக்கத்தில் தரை தாழ்ந்ததால், முன்பு தூர்த்து வயலாக்கிய இடத்தில் கடல்நீர் ஏறிச் சதுப்பாகியிருக்கிறது. சுவர் எழுந்திருந்தால் அந்தச் சதுப்புக்குக் கடலோடு தொடர்பு அறுந்திருக்கும். இப்போது அங்கே மட்டி விளைகிறது, விலாங்கு ஏறுகிறது. ஹதாகேயாமா 2025 ஏப்ரலில் காலமானார். மரம் நடுவதை ஊர்க்காரர்கள் விடவில்லை.

(தொடரும்)