உறிஞ்சு குழலும் சங்கும்

மாணவர்களே, ஒரு தம்ளர் தண்ணீரும் இரண்டு உறிஞ்சு குழல்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழலின் முனை தண்ணீருக்குள் இருக்கட்டும். மற்றதன் முனை தம்ளருக்கு வெளியே காற்றில் இருக்கட்டும். இரண்டையும் ஒருசேர வாயில் வைத்து உறிஞ்சுங்கள். தண்ணீர் மேலே ஏறுகிறதா? எவ்வளவு முயன்றாலும் ஏறாது. வெளியே இருக்கும் குழலின் வழியே காற்று உள்ளே வந்துவிடுவதால், வாய்க்குள் அழுத்தம் குறைய வழியில்லை. குழலில் தண்ணீரை ஏற்றுவது நம்முடைய இழுப்பு அன்று. தம்ளரில் உள்ள தண்ணீரின் மேற்பரப்பை அழுத்தும் வளிமண்டலமே. வாய்க்குள் அழுத்தத்தைக் குறைத்து வழி விடுவது மட்டுமே நம் வேலை.

இந்தச் சோதனையைப் பல ஆண்டுகளாக வகுப்பில் செய்துகாட்டி வருகிறேன். ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் இதே பாடத்தை மறந்தேன். அதற்கான தண்டனையை மூன்று இரவுகள் அனுபவித்தேன். அந்தக் கதையோடு நம் தாடையைப் பற்றியும் பற்களைப் பற்றியும் சில செய்திகளைச் சொல்லவே இக்கட்டுரை.

எனக்குத் தொல்லை கொடுத்தது கீழ்த்தாடையின் வலப்பக்கத்து ஞானப்பல். வரிசையின் கோடியில் உள்ள இந்தக் கடைவாய்ப்பல், மற்றப் பற்களெல்லாம் முளைத்து முடிந்த பின்னர், பொதுவாக 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் எட்டிப்பார்க்கும். ஆகவே உங்களில் பலருக்கு இது இனிமேல்தான் வரவேண்டும். தாடையில் இடம் போதாவிட்டால் நேரே முளைக்காமல் சாய்ந்து, பக்கத்துப் பல்லின் மீது முட்டிக்கொண்டு நின்றுவிடும். இடுக்கில் உணவு தங்கும், ஈறு வீங்கும். என்னுடையது அப்படித்தான் இருபது ஆண்டுகள் அரைகுறையாக நின்று, கடைசியில் பக்கத்துப் பல்லையும் சொத்தையாக்கத் தொடங்கியது. எடுத்துவிடுவதே நல்லது என்றார் பல் மருத்துவர்.

பல் எலும்பிலேயே ஒட்டி வளர்ந்திருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அதில் உறுதியான நார்கள் நிறைந்திருக்கின்றன. பல் அந்த நார்களில் தொங்குகிறது எனலாம். சோற்றில் ஒரு சிறு மணல் அகப்பட்டாலும் உடனே தெரிந்துவிடுகிறதல்லவா? அந்த நார்களில் உள்ள உணர்ச்சி நரம்புகளே அதற்குக் காரணம். மருத்துவர் பல்லை ஆணி பிடுங்குவதுபோல் நேரே இழுப்பதில்லை. நெம்பி, அசைத்து, நார்களை அறுத்து, குழியைச் சற்று அகலப்படுத்தியே எடுக்கிறார். என் பல் சாய்ந்து கிடந்ததால் ஈறைக் கீறி, எலும்பைச் சிறிது நீக்கி, பல்லை இரண்டாக வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டிருந்ததால் வலி தெரியவில்லை. ஓசை மட்டும் மண்டைக்குள் நன்றாகக் கேட்டது. எலும்பு ஒலியை எவ்வளவு செம்மையாகக் கடத்துகிறது என்று வியந்துகொண்டே படுத்திருந்தேன்!

தையல் போட்டு முடித்ததும் மருத்துவர் சொன்னார்: "சார், ஒரு வாரம் மெத்துன்னு சாப்பிடுங்க. சூடா வேண்டாம். துப்பாதீங்க. முக்கியமா, எதையும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக் குடிக்காதீங்க."

முதல் அறிவுரையின் காரணம் எளிதில் விளங்கும். உங்கள் விரல்களைக் காதுக்கு முன்னால் வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். ஒரு மூட்டு அசைவது தெரியும். அதுவே தாடை என்னும் நெம்புகோலின் ஆதாரப்புள்ளி. இப்போது விரல்களைக் கன்னத்தின் பின்பகுதிக்கு நகர்த்திப் பற்களை இறுகக் கடியுங்கள். ஒரு தசை கல்லைப்போல் புடைக்கும். திறன் அங்கே கொடுக்கப்படுகிறது. பளுவாகிய உணவு அதற்கும் முன்னால், பற்களில் இருக்கிறது. ஆதாரத்துக்கும் பளுவுக்கும் நடுவே திறன் இருப்பதால் இது மூன்றாம் வகை நெம்புகோல். அடுப்படி இடுக்கியும் இதே வகைதான்.

ஒரு கணக்குக்காக, தசை மூட்டிலிருந்து 4 செ.மீ., கடைவாய்ப்பல் 6 செ.மீ., முன்பல் 10 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். தசை 900 நியூட்டன் விசை கொடுத்தால், கடைவாயில் 600 நியூட்டனும் முன்பல்லில் 360 நியூட்டனும் கிடைக்கும். முறுக்கு உடையாவிட்டால் அதை யாரும் சொல்லாமலே கடைவாய்க்குத் தள்ளுகிறோமே, காரணம் இதுதான். நல்ல உடல்நலமுள்ள ஒருவர் முழுவலுவுடன் கடித்தால் கடைவாயில் 500 முதல் 700 நியூட்டன் வரை விசை உண்டாகும். 600 நியூட்டன் என்பது ஏறத்தாழ 60 கிலோகிராம் எடை! பல்லின் முகடும் முறுக்கும் தொடும் பரப்பு 10 சதுர மில்லிமீட்டர் என்றால், அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 600 மடங்கு ஆகிறது. பல் இதைத் தாங்கும். கீறித் தைத்த ஈறு தாங்குமா? மேலும் அறுவைக்குப் பிறகு அந்தத் தசையும் இறுகிவிடும். ஒரு விரல் நுழையும் அளவுக்கே என்னால் வாயைத் திறக்க முடிந்தது.

மென்மையான உணவு என்றால் என்ன? பல்லின் வேலையை வாய்க்கு வெளியே செய்து முடித்த உணவு. 1 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத் துண்டின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதை 1 மில்லிமீட்டர் கனசதுரங்களாக நொறுக்கினால் ஆயிரம் துண்டுகள் கிடைக்கும்; மொத்த மேற்பரப்பு 60 சதுர செ.மீ. ஆகும். செரிமான நீர்கள் வேலை செய்யப் பத்து மடங்கு இடம்! மெல்லுவதன் பயன் இது. இதே வேலையை உரலும் மிக்சியும் மத்தும் செய்யும். நெருப்பும் செய்யும், அரிசியின் மாவுமணிகள் வெந்நீரை உறிஞ்சிப் பருத்துக் குழைந்துவிடுகின்றன.

ஆனால் கஞ்சி மட்டும் குடித்துக் கிடப்பது தவறு. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கிலோகலோரி ஆற்றல் உள்ளது. அதை நீர்க்கக் காய்ச்சி ஒரு லிட்டர் கஞ்சியாக்கினால், ஒரு நாளைக்குத் தேவையான 2000 கிலோகலோரிக்கு ஏறக்குறைய ஆறு லிட்டர் குடிக்கவேண்டும். யாரால் முடியும்? புண் ஆறப் புரதமும் வேண்டும். ஆகவே பருப்பும் நெய்யும் விட்டுக் குழைத்த சாதம், பால், நன்றாக மசித்த உருளைக்கிழங்கு, முட்டை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழுத்த பப்பாளியும் நல்லது. பல்லைத் தாங்கும் நார்களும் புண்ணை மூடும் புதுத்திசுவும் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனவை. அதை உருவாக்க வைட்டமின் 'சி' தேவை. பழங்காலக் கடற்பயணங்களில் மாதக்கணக்கில் காயும் பழமும் இல்லாமல் ஸ்கர்வி நோய்க்கு ஆளான மாலுமிகளுக்குப் பற்கள் ஆடி விழுந்தது இதனால்தான். இன்னொன்றும் சொல்லவேண்டும்: மோர்சாதத்தில் கடுகு தாளிக்கக்கூடாது. மென்மையான சாதத்தோடு வரும் ஒரு கடுகு, தையலுக்கு இடையேயுள்ள சந்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கொய்யா விதையும் அப்படித்தான்.

இவற்றையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். வாய் திறக்க முடியாத என்னைப் பார்த்து என் தாயார், பரணிலிருந்து பழைய சங்கு ஒன்றை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தார். குழந்தைகளுக்குப் பால் புகட்டுவார்களே, மூக்கு நீண்ட சிறு கிண்ணம், அது. சில வீடுகளில் பாலாடை என்பார்கள். "இதுல ஊத்திக்கப்பா, சிரமமே இருக்காது" என்றார். நாற்பத்தைந்து வயதில் சங்கில் குடிப்பதா என்று சிரித்து ஒதுக்கிவிட்டேன்.

இரண்டாம் நாள் ஒரு நண்பர் இளநீரும் உறிஞ்சு குழலும் கொண்டுவந்து கொடுத்தார். வாயைத் திறக்க வேண்டாம், கடிக்க வேண்டாம், சூடும் இல்லை. இதைவிட மென்மையான உணவு ஏது என்று எண்ணிக்கொண்டு, கடைசிச் சொட்டு களகளவென்று ஓசை எழுப்பும் வரை உறிஞ்சிக் குடித்தேன்.

குழிக்குள் இருப்பது என்ன?

பல் போன குழியில் இரத்தம் நிறைந்து உறைகிறது. ஃபைப்ரின் என்னும் நுண்ணிய இழைகள் வலைபோல் பின்னி, இரத்த அணுக்களைச் சிறைப்பிடித்து ஒரு கட்டியாக்குகின்றன. நாம் பஞ்சு வைத்துக் கட்டமுடியாத இடத்தில் உடல் தானே போட்டுக்கொள்ளும் கட்டு அது. அடியிலுள்ள எலும்பை மூடிக் காப்பதும் அதுவே. புதிய திசு வளர்வதற்குச் சாரமாக நிற்பதும் அதுவே. முதல் சில நாட்களில் அது தயிர் ஆடையைவிடச் சற்றே உறுதியானது, அவ்வளவுதான்.

இனி உறிஞ்சுவதைக் கணக்கிடுவோம். 20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீரை ஏற்ற, வாய்க்குள் அழுத்தம் ஏறத்தாழ 2000 பாஸ்கல் குறைய வேண்டும். இது வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் இரண்டு பங்குதான். புண்ணின் திறந்த பரப்பு அரைச் சதுர சென்டிமீட்டர் என்றால், கட்டியை வெளியே இழுக்கும் விசை 0.1 நியூட்டன், 10 கிராம் எடைக்குச் சமம். கடைசிச் சொட்டுக்காக வலுவாக இழுக்கும்போது 10,000 பாஸ்கல் வரை குறைத்தோமானால், அரை நியூட்டன். ஒரு கோழிமுட்டையைக் கட்டித் தொங்கவிட்டதுபோல! தோராயக் கணக்குதான், ஆனால் நிலைமையை உணர்த்தப் போதும்.

இளநீருக்கே இப்படியானால் கூழுக்கு எப்படி? குழாயில் பாயும் நீர்மங்களைப் பற்றி 1840ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்து விதி கண்டவர் புவாசேய் என்னும் பிரெஞ்சு மருத்துவர். நம் உடலின் நுண்குழாய்களில் இரத்தம் எவ்வாறு ஓடுகிறது என்று அறியும் ஆவலே அவரை இதில் இறக்கியது. குழாயின் ஆரம் பாதியானால், அதே வேகத்தில் அதே அளவு நீர்மம் பாய 16 மடங்கு அழுத்த வேறுபாடு தேவை. பாகுநிலை பத்து மடங்கானால் அழுத்த வேறுபாடும் பத்து மடங்காக வேண்டும். ஆகவே கெட்டியான கூழையோ பழக்கூழையோ மெல்லிய குழலில் உறிஞ்சுவது எல்லாவற்றிலும் மோசம். துப்புவதும் இதே குற்றந்தான். கன்னத்தைக் குவித்துத் துப்பும்போது வாய்க்குள் அழுத்தம் திடீரென்று ஏறி இறங்குகிறது.

மூன்றாம் நாள் இரவு வலி தொடங்கியது. பல் இருந்த இடத்தில் தொடங்கிக் காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஓடியது. மாத்திரைக்கு அடங்கவில்லை. பாடப்புத்தகத்தைப் புரட்டி மனத்தைத் திருப்பலாம் என்று பார்த்தேன். ஒரு வரிகூட ஏறவில்லை. மறுநாள் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, "கட்டி போயிடுச்சு, சார். எலும்பு தெரியுது" என்றார். உலர் பற்குழி என்று இதற்குப் பெயர். மூடியிருந்த கட்டி நீங்கியதால் எலும்பும் அதன் நரம்பு முனைகளும் காற்றுக்கும் எச்சிலுக்கும் உணவுக்கும் திறந்து கிடக்கின்றன. உப்புநீரால் குழியைக் கழுவி, மருந்து தோய்த்த துணியை உள்ளே வைத்தார். கிராம்பின் மணம் வீசியது. பாட்டிமார் பல்வலிக்குக் கிராம்பை அடக்கிக்கொள்ளச் சொல்வார்களே, அதிலுள்ள யூஜெனால்தான் இந்த மருந்திலும் இருக்கிறது. அரைமணி நேரத்தில் வலி தணிந்தது. ஆனாலும் மருந்தை இருமுறை மாற்ற வேண்டியிருந்தது. மேலும் இரண்டு இரவுகள் தூக்கம் கெட்டது.

இளநீர்க் கதையை அவரிடம் ஒப்புக்கொண்டேன். "அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, சார். கட்டி தானாவே கரைஞ்சும் போகும். கீழ்த்தாடை ஞானப்பல்லுல இது அதிகம், அதுலயும் கஷ்டப்பட்டு எடுத்ததுன்னா இன்னும் அதிகம். ஆனா பல்லை மாத்த முடியாது, வயசை மாத்த முடியாது. ஸ்ட்ராவைத் தவிர்க்கலாமே" என்றார். அறிவியல் முறைப்படி அவர் சொன்னது சரி. ஒரே ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு காரணத்தை நிறுவமுடியாது. புகைபிடிப்போருக்கு இத்தொல்லை கூடுதலாக வருகிறது என்றும் சொன்னார். நல்லவேளை, அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சங்கின் மூக்கை இடப்பக்கக் கன்னத்தின் ஓரமாக வைத்துச் சாய்த்தால், பால் புவியீர்ப்பால் தானே இறங்குகிறது. வாய்க்குள் அழுத்தம் குறைய வேண்டிய தேவையே இல்லை. செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிப்பதிலும் இதே தத்துவந்தான். ஆனால் வாய் சற்று அகலத் திறக்கவேண்டும். என் தாயார் பாஸ்கலைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. "இப்பவாச்சும் சொன்னதைக் கேட்டியே" என்றதோடு விட்டுவிட்டார்.

சூட்டைப் பற்றியும் ஒரு சொல். மரத்துப்போன நிலை சில மணி நேரம் நீடிக்கும். அப்போது சூடான காபி குடித்தால் நாக்கும் உதடும் வெந்தாலும் தெரியாது. சூடு இரத்தக்குழாய்களை விரியச் செய்வதால் குருதிக்கசிவும் மீண்டும் தொடங்கலாம். முதல் நாள் கன்னத்தின் வெளியே பனிக்கட்டியைத் துணியில் சுற்றி விட்டுவிட்டு வைப்பது வீக்கத்தைக் குறைக்கும். குளிர்ந்த நீரைவிடப் பனிக்கட்டி ஏன் சிறந்தது? ஒரு கிராம் பனிக்கட்டி உருகும்போது 80 கலோரி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. உருகி முடியும்வரை அதன் வெப்பநிலையும் ஏறுவதில்லை.

ஏழாம் நாள் தையலைப் பிரித்தார்கள். வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் வைத்து, துப்பாமல், தலையைச் சாய்த்துத் தானே வழியவிட்டேன். ஈறு மூடச் சில வாரங்கள் ஆயின. அதனடியில் குழி எலும்பால் நிரம்பப் பல மாதங்கள் ஆகும் என்றார் மருத்துவர். ஆறாம் வாரம் ஒரு முறுக்கை எடுத்து இடப்பக்கக் கடைவாயில் வைத்து மெதுவாகக் கடித்துப் பார்த்தேன். சங்கு மீண்டும் பரணுக்குப் போயிற்று.