14 மில்லிமீட்டர் வித்தியாசம்

ராயல் என்ஃபீல்டு 2009-இல் கிளாசிக் மோட்டார் சைக்கிளை 350, 500 என இரண்டு வகைகளாகக் கொண்டுவந்தது. இரண்டு வண்டிக்கும் ஒரே தோற்றம், ஒரே 13.5 லிட்டர் டேங்க், ஐந்து கியர்.



கிளாசிக்கில் மாற்றம் சிலிண்டருக்குள் இருக்கிறது. பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் இரண்டிலும் 90 மி.மீ. சிலிண்டரின் விட்டம் 350-இல் 70 மி.மீ., 500-இல் 84 மி.மீ. இந்த 14 மி.மீ. அகலத்தால் கொள்ளளவு 346 சிசியிலிருந்து 499 ஆகிறது. திறன் 19.8 குதிரைத்திறனிலிருந்து 27.2 ஆகவும், இழுவை 28 நியூட்டன் மீட்டரிலிருந்து 41.3 ஆகவும் உயர்கிறது. அந்த இழுவையைத் தாங்க 500-க்குப் பின்டயரும் அகலம்.

சாலையில் ஏறினால் இந்த வேறுபாடு புரியும். உத்திரமேரூர் பக்கத்து ஏரிக்கரைச் சாலைகளில் ஐம்பது கிலோமீட்டர் வேகமே அதிகம். பின்னால் ஆள் உட்கார்ந்தாலும் 350 திணறாது. ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது 350-இல் ஒரு கியர் குறைக்க வேண்டும். 500 டாப் கியரிலேயே இழுத்துக்கொண்டு போகும். அதற்கு விலையும் உண்டு: பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், அதிர்வும் சூடும் அதிகம்.

பராமரிப்பிலும் வேறுபாடு உண்டு. 2020-க்கு முந்தைய 350-இல் கார்புரேட்டர். அடைத்துக்கொண்டால் ஊர் மெக்கானிக்கே கழற்றித் துடைத்து மாட்டிவிடுவார். 500-இல் மின்னணு எரிபொருள் செலுத்தி. குளிர்காலையிலும் சிரமமில்லாமல் கிளம்பும். ஆனால் சென்சார் பழுதானால் அதைக் கண்டறியும் கருவி உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

வரியும் 350-க்கே சாதகம். 2017-இல் சரக்கு சேவை வரி (ஜிஎஸ்டி) வந்தபோது 350 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு 3 சதவீதக் கூடுதல் வரி விதிக்கப்பட்டது. 2020-இல் 500 நிறுத்தப்பட்டது. 2021-இல் வந்த புதிய கிளாசிக் 349 சிசி. 350 சிசி என்ற அந்த வரம்புக்குள்தான் நிற்கிறது.

பழைய கிளாசிக் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது, வண்டி ஓடப்போகும் சாலையை. ஊர்ச் சாலைக்கு 350 போதும். அடிக்கடி நெடுந்தூரம் போவோருக்கு 500 ஏற்றது.