தலைக்கணக்கும் தார்ச்சாலையும்

ஓர் ஊருக்குச் சாலை வருமா, வராதா? இந்தியாவில் இதைப் பெரும்பாலும் ஓர் எண்தான் முடிவு செய்கிறது. அந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்கிற எண்.

2000 டிசம்பர் 25-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேராவது வாழும் குடியிருப்புகளுக்கு மழையிலும் அறுந்துபோகாத சாலை என்று வரையறுத்தது. மலை மாநிலங்கள், பாலைவனம், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் உள்ள பழங்குடிப் பகுதிகள் ஆகியவற்றுக்கு 250 பேர் போதும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே ஜவ்வாது மலையின் ஒரு சிற்றூர் அந்த வகையில் சலுகை கேட்க முடியாது. தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் ஏறிப் போயின. ஓட்டுப் பெட்டிக்கே இந்த நிலை என்றால், பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு என்ன வழி?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வரலாறே எழுதி வைக்கிறது. 2011 கணக்குப்படி நாட்டில் 6,40,000-க்கும் மேற்பட்ட கிராமங்கள். அவற்றில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை ஆளில்லாதவை. கிராமங்களில் வாழ்ந்தவர்கள் சுமார் 83 கோடி. மாவட்டந்தோறும் வெளியான கையேட்டில் ஊர்வாரியாக வீடுகள், ஆண், பெண், ஆறு வயது வரையிலான குழந்தைகள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், ஆண்டில் ஆறு மாதத்துக்கும் குறைவாகவே வேலை கிடைத்தவர்கள் என எல்லாம் உண்டு. போக்குவரத்துக்கும் தனி இடம் இருக்கிறது: அரசுப் பேருந்து, தனியார் பேருந்து, ரயில் நிலையம், ஆட்டோ, டிராக்டர், மாட்டு வண்டி, படகு, தார்ச்சாலை, ஒற்றையடிப் பாதை. ஊரில் ஒரு வசதி இல்லையென்றால், அது 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறதா, 5 முதல் 10-க்குள்ளா, அதற்கும் அப்பாலா என்று ஓர் எழுத்தால் குறித்திருப்பார்கள்.

அருமையான ஆவணம்தான். ஆனால் “பேருந்து உண்டு” என்ற பதிவில் அது எத்தனை முறை வருகிறது என்பது இல்லை. காலையில் ஒரு நடையும் மாலையில் ஒரு நடையும் வந்து போகும் ஊருக்கும் கால் மணிக்கு ஒரு பஸ் நிற்கும் ஊருக்கும் அங்கே ஒரே பதில்தான். கடைசி பஸ்ஸை விட்ட கல்லூரி மாணவி எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்பது எந்தக் கட்டத்திலும் அடங்காது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்து நுழையாத ஊர்ப் பெண்களோ ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துதான் போகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை தலைகளை எண்ணினார்கள். அந்த நாட்கள் முழுக்க வெளியூரில் இருந்தவர் சொந்த ஊர்க் கணக்கில் வரமாட்டார். இருக்கும் இடத்தில்தான் எண்ணப்படுவார். அது செங்கல் சூளை மும்முரமாக நடக்கும் காலம். குடும்பம் குடும்பமாகச் சூளைக்குப் போகும் ஓர் ஊர், வரம்பை ஒட்டிய மக்கள்தொகை கொண்டதாக இருந்தால், இருபது பேர் குறைந்தாலே சாலை கைநழுவிவிடும்.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டச் சாலைத் திட்டமும் 2011-இன் எண்ணிக்கையையே நம்பியிருக்கிறது. 62,500 கிலோமீட்டர் சாலை, 25,000 குடியிருப்புகள், 70,125 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய திட்டத்துக்குப் பதின்மூன்று ஆண்டுப் பழைய கணக்கை அளவுகோலாக வைப்பது நியாயமே இல்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக அரசு அறிவித்திருக்கிறது. கணக்கெடுப்பாளர் படியேறும்போது, வேலைக்குப் போய் இடையில் வந்து திரும்பியவர், பிறந்து பத்து நாளான குழந்தை, திண்ணையில் படுத்திருக்கும் பாட்டி என ஒருவர் விடாமல் சொல்லுங்கள். கிராம சபையில் எழுந்து, ஊருக்கு எத்தனை மணிக்கு எத்தனை பஸ் வேண்டும் என்பதையும் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.