கிராம்பு வாசனையைத் தொலைத்த ஈஸ்ட்

ரொட்டி, பீர், வைன் மூன்றுக்கும் ஒரே ஈஸ்ட்தானே, பிறகு ஏன் தனித்தனி பாக்கெட், தனித்தனி விலை என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வியாபாரத் தந்திரம் என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கும் ஆசைதான். அது பாதி உண்மையும்கூட. ஆனால் மீதிப் பாதியில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது.

லாகர் பீரில் இருப்பது ஒரு கலப்பினம், அதை விட்டுவிடுவோம். மற்றபடி மூன்றும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஒரே இனம்தான். ஆனால் உலகெங்கிலுமிருந்து திரட்டிய 1,011 ரகங்களின் மரபணுத்தொகுப்பை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வு வேறொன்றையும் காட்டியது. எல்லா ரகங்களிலும் சேர்த்துக் கிடைத்த மரபணுக்கள் சுமார் 7,800. எல்லோருக்கும் பொதுவானவை 4,900 சொச்சம்தான். மீதி ஒருவரிடம் இருக்கும், இன்னொருவரிடம் இருக்காது.

இருப்பதைவிட இல்லாமல் போனதுதான் எனக்குப் பிடித்த கதை. தானியங்களின் செல்சுவரில் ஃபெருலிக் அமிலம் உண்டு. ஈஸ்டுக்கு அது ஆகாது. சமாளிக்க இரண்டு மரபணுக்கள் வைத்திருக்கிறது. எஃப்டிசி-1 உருவாக்கும் நொதி, அந்த அமிலத்திலிருந்து ஒரு கார்பன் டைஆக்ஸைடைக் கழற்றிவிடும். பிஏடி-1 அந்த நொதிக்குத் தேவையான துணைப்பொருளைச் செய்து கொடுக்கும். இரண்டில் ஒன்று கெட்டாலும் வேலை நின்றுவிடும். கழற்றியபின் எஞ்சுவது 4-வினைல் குவாயகால். கிராம்பிலுள்ள யூஜினாலைவிட ஒரே ஒரு கார்பன் குறைவு. ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அதனால் வாசனையும் கிராம்புதான்.

ஈஸ்டுக்கு அது உயிர்காக்கும் ஏற்பாடு. ஆனால் பீர் குடிப்பவருக்கு, மருந்துக்கடை வாடை.

இங்கே நம் வீட்டுத் தயிருக்கு வருவோம். தயிரில் இருப்பது பாக்டீரியா, தெரியும். ஆனால் வழக்கம் ஒன்றுதான். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு உறை. புளித்துப் போனால் அதைக் கொட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் நல்ல உறையாக வாங்கி வருவோம். பீர் காய்ச்சியவர்களும் பீப்பாயின் அடிவண்டலை எடுத்து அடுத்த காய்ச்சலில் ஊற்றினார்கள். வாடை அடித்த வண்டல் சாக்கடைக்கு, அடிக்காதது அடுத்த பீப்பாய்க்கு. உவமையை இன்னும் கொஞ்சம் இழுத்தால், தலைமுறை தலைமுறையாக அடுக்களையைத் தாண்டாத உறைக்கு வெளியுலகம் மறந்துவிடும். பீர் ஈஸ்டுகள் பலவற்றுக்கு இனச்சேர்க்கையே மறந்துவிட்டது. செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளைகள்.

157 தொழில்துறை ரகங்களைப் படித்து 2016-இல் வெளியான ஆய்வில், பீர் ரகங்கள் பலவற்றில் இந்த இரு மரபணுக்களில் ஒன்றாவது உடைந்திருந்தது. அழகு என்னவென்றால், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் உடையவில்லை. சிலவற்றில் மரபணு என்ற வாக்கியத்தின் நடுவே முற்றுப்புள்ளி. சிலவற்றில் ஓர் எழுத்து நழுவி, அதன்பின் வருவதெல்லாம் உளறல். ஒருவர் உடைத்ததை மற்றவர் வாங்கிக்கொண்டது மட்டுமல்ல; ஒருவரையொருவர் அறியாத காய்ச்சுவோர் தனித்தனியாக ஒரே பூட்டை உடைத்திருக்கிறார்கள்.

வைன் ஈஸ்ட் இப்படிக் கெடவில்லை. அதற்குத் திராட்சைப் பருவத்தில் மட்டும்தான் வேலை. மற்ற மாதங்களில் தோட்டத்திலும் குளவியின் குடலிலும் காலம் தள்ள வேண்டும். ஆயுதத்தைக் கீழே போட முடியாது. பவேரியக் கோதுமை பீரிலோ கிராம்பு வாசனைதான் பெருமை. அந்த ஈஸ்டுகளில் இரண்டு மரபணுவும் பத்திரமாக இருக்கின்றன.

வரலாறு கேட்பவர்களுக்காக: லேவன்ஹூக் 1680-இல் ஈஸ்டைப் பார்த்தார், அது உயிர் என்று அவருக்குத் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டில் பாஸ்டர் வந்து தெளிவுபடுத்தினார். 1883-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தார். ஆனால் பீர் ஈஸ்ட் பழகத் தொடங்கியது 16-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி என்பது அந்த 2016 ஆய்வின் கணிப்பு. அதாவது, பார்க்காத பிராணியைப் பழக்கிவிட்டார்கள்.

பழைய பானையிலிருந்து பல்லாயிரம் ஆண்டு ஈஸ்டை எழுப்பி ரொட்டி சுட்டோம், பீர் காய்ச்சினோம் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. இனி வந்தால் ரொட்டியின் படத்தைப் பார்த்து மயங்காமல் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: பிஏடி-1, எஃப்டிசி-1 எந்த நிலையில் இருக்கின்றன? இன்றைய பீர் ரகம் ஒன்றில் உடைந்த அதே எழுத்தில் அதுவும் உடைந்திருந்தால், பானை பழையதாக இருக்கலாம். ஈஸ்ட், போன வாரம் காற்றில் வந்து விழுந்ததாகவே இருக்கும்.