கித்தானில் தீட்டிய நிலப் பத்திரம்

ஒரு நிலம் உங்களுடையது என்று நிரூபிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்து நீட்டுவீர்கள். எழுத்தே வழக்கில் இல்லாத மக்களிடம் இப்படிக் கேட்டால்? அவர்கள் தீட்டிக் காட்டிய ஓர் ஓவியத்தைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 'கிரேட் சாண்டி' என்னும் பெரும் மணற்பாலை இருக்கிறது. வால்மஜாரி, வாங்கஜுங்கா முதலிய மொழிகளைப் பேசும் பூர்வகுடிகளின் தாயகம் அது. தம் தாயகத்தை அவர்கள் 'ஙுர்ரரா' என்பார்கள். நாம் அரிச்சுவடியில் படித்துவிட்டு அதிகம் பயன்படுத்தாத 'ங' வரிசை, அங்கே சொல்லின் முதலிலேயே வருகிறது!

ஓயாது ஓடும் ஆறு இப்பாலையில் கிடையாது. எப்போதாவது பெய்யும் மழைநீர் மணலுக்குள் இறங்கி, நீர் புகாத களிமண் அல்லது பாறை அடுக்கின்மேல் தங்குகிறது. மேலே உள்ள மணலே மூடியாக நின்று, அது ஆவியாகிவிடாமல் காக்கிறது. பள்ளம் தோண்டினால் நீர் ஊறும். மழையற்ற மாதங்களில் வற்றிவிடும் ஊற்றுக்கு 'ஜுமு' என்று பெயர். என்றும் வற்றாத ஊற்று 'ஜிலா'.

ஓர் ஊற்றிலிருந்து அடுத்த ஊற்றுக்கு வழி தவறினால் உயிர் போகும். அந்த வழியை எப்படி நினைவில் வைப்பது? கதையாகவும் பாட்டாகவும்தான். ஆதிகாலத்தில் மனிதராக நடமாடிய முன்னோர், மழையைப் பெய்வித்து, முடிவில் பாம்பாகி ஊற்றுக்குள் அடங்கினர் என்பது அவர்கள் நம்பிக்கை. குர்த்தல் என்னும் ஜிலாவின் கதை அத்தகையது. முன்னோர் நடந்த பாதையைச் சொல்லும் கதை, நீர் இருக்கும் இடங்களின் வரிசையையும் சொல்லிவிடுகிறது. சமயம், வரலாறு, நிலநூல் மூன்றும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

ஐரோப்பியர் வருமுன் ஆஸ்திரேலியா எவருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற கொள்கையை, 1992-இல் மாபோ வழக்கின் தீர்ப்பு தகர்த்தது. 1993-இல் பூர்வகுடி உரிமைச் சட்டம் நிறைவேறியது. ஆனால், நிலத்தோடு தமக்குள்ள மரபுத் தொடர்பு அறுபடவில்லை என்று உரிமை கோருவோர் காட்ட வேண்டும். ஙுர்ரரா மக்களில் பலர் பாலையை விட்டு வெளியேறி, வடக்கே மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்து வாழ்ந்தவர்கள். வழக்கறிஞர்களின் ஆங்கிலத்தில் தம் உரிமையை விளக்குவது முதியோருக்கு எளிதாக இல்லை.

எனவே தீட்டிக் காட்ட முடிவு செய்தார்கள். 1997-இல் பாலையின் ஓரத்தில் உள்ள பிர்னினியில் ஒரு கித்தானை விரித்தார்கள். நீளம் 10 மீட்டர், அகலம் 8 மீட்டர். ஙரல்ஜா டாமி மே உட்பட 40-க்கும் மேற்பட்ட ஓவியர்கள் அதன்மீது அமர்ந்து, அவரவர் ஊற்றையும் அதைச் சூழ்ந்த நிலத்தையும் அவரவரே தீட்டினார்கள். பிறருடைய இடத்தைத் தீட்ட மரபு இடம் தராது. வானிலிருந்து பார்ப்பதுபோல ஜிலாக்கள் வட்டங்களாகத் தெரிகின்றன.

தீர்ப்பாயத்தினர் வந்தபோது, ஒவ்வொருவரும் ஓவியத்தில் தம் இடத்தின்மேல் போய் நின்று, தம் தாய்மொழியில் பேசினார்கள். நிற்கும் இடமே சாட்சி!

முடிவுக்கு மேலும் பத்தாண்டுகள் ஆயின. 2007 நவம்பரில், அதே பிர்னினியில், 70,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தில் அவர்களுடைய உரிமையைப் பெடரல் நீதிமன்றம் ஏற்றது. தீட்டியவர்களில் சிலர் அதைக் காண உயிரோடு இல்லை.

எழுத்தில்லாதவரிடம் ஆவணமும் இல்லை என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். ஆவணம் அவர்களிடம் எப்போதும் இருந்தது. அதைப் படிக்கத்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.