கெல்லி மாளிகையைப் பார்த்தவர்கள் கோயிலையும் பார்த்தார்களா?

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில், ராயா ஆற்றுக்கு அப்பால் ஒரு மேட்டின் மேல் நிற்கிறது கெல்லிஸ் காசல். பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போகாத பேரா பிள்ளைகள் குறைவு. பலருக்கு அது பேய் வீடு, சிலருக்குப் படம் எடுக்க ஏற்ற இடம். தோட்டத்துத் தமிழர்களின் வரலாறு அங்கே இருப்பதைச் சொல்லித் தருபவர்கள்தான் அதிகம் இல்லை.

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். 20 வயதில் மலாயா வந்தார். காடு வெட்டும் குத்தகை வேலையில் பணம் சேர்த்து, கிந்தா பகுதியில் நிலம் வாங்கி ரப்பர் போட்டார். தோட்டத்துக்குச் சொந்த ஊரின் பெயரைச் சேர்த்து 'கிந்தா கெல்லஸ்' என்று பெயர் வைத்தார். ஏற்கெனவே அங்கே ஒரு வீடு கட்டியிருந்தார். 1915இல் மகன் பிறந்த பிறகு, அதனுடன் சேர்ந்தாற்போல் இந்தப் பெரிய மாளிகையைத் தொடங்கினார்.

கட்டடத்தை நிதானமாகப் பாருங்கள். ஸ்காட்லாந்துக் கோட்டை என்று பேர்தான். வரிசையாக நிற்கும் வளைவுகள் குதிரை லாடத்தைப் போல உள்நோக்கி வளைந்தவை. 1897இல் எழுந்த கோலாலம்பூர் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் இதே பாணியின் சாயலைப் பார்க்கலாம். ஆங்கிலேயர்கள் இந்தியாவில் உருவாக்கி, இங்கே கொண்டுவந்த பாணி அது. வளைவுகளுக்குப் பின்னால் நீண்ட தாழ்வாரம் ஓடுகிறது. அது வெயிலைத் தடுத்து காற்றை உள்ளே விடும். ஆறு மாடி கோபுரத்தில் மின்தூக்கிக்கு இடம் விட்டார்கள். மொட்டை மாடியில் விருந்து நடத்தும் எண்ணமும் இருந்தது. பூச்சு விழாத இடங்களில் செங்கல் அப்படியே தெரிகிறது. வேலை பாதியில் நின்றதால்தான் கட்டிய விதத்தை இன்று நம்மால் பார்க்க முடிகிறது.

செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன என்பார்கள். ஆட்களும் அங்கிருந்துதான் வந்தார்கள். ஸ்மித் சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர்களை வரவழைத்தார். வேலை நடந்துகொண்டிருந்தபோது ஸ்பானிஷ் காய்ச்சல் பரவி, பலர் இறந்தார்கள். மாரியம்மனுக்குக் கோயில் கட்டித் தரும்படி தொழிலாளர்கள் துரையிடம் கேட்டார்கள். அவரும் கட்டிக் கொடுத்தார். நோய் கண்ட ஊரில் அம்மனை நினைப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஒரு பெரிய துரை தன் கட்டட வேலைக்கு நடுவே அதற்கு இசைந்ததுதான் வியப்பு. ஆட்கள் ஓடிவிட்டால் வேலை நின்றுவிடும் என்ற கணக்கும் அவர் மனத்தில் இருந்திருக்கலாம்.

1926இல் ஸ்மித் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்தார். மாளிகை முடியவில்லை. அவர் குடும்பம் தோட்டத்தை ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்பீல்டு நிறுவனத்துக்கு விற்றது.

மாளிகையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் அந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. பேருந்தில் வருபவர்கள் பெரும்பாலும் மாளிகையோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கே போனால் கோயிலின் மேல்பகுதியை அண்ணாந்து பாருங்கள். தெய்வ உருவங்களோடு வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த ஒரு துரை நிற்கிறார். அது ஸ்மித் என்கிறார்கள். தொழிலாளர்கள் நன்றியாக வைத்த உருவம் அது.