தேடுசுருளின் உறை: துப்புரவும் அடைப்பும்

மண்ணில் மறைந்துள்ள உலோகத்தைக் கண்டறியும் கருவியை இன்று காவல் துறையினரும் வனத்துறையினரும் தம் பணியில் பயன்படுத்தி வருகின்றனர். வேட்டைக்காரர் சருகுகளுக்கடியில் மறைத்து வைக்கும் இரும்புப் பொறியையும் கம்பிக் கண்ணியையும் தேடுவோர்க்கு இக்கருவியின் ஒலியே வழிகாட்டி. அவ்வொலி பொய்க்குமாயின், பொறியில் சிக்குவது புலியின் காலாகவும் இருக்கலாம். காவலரின் காலாகவும் இருக்கலாம். பொய்யொலிக்குரிய காரணங்களுள் எளிதில் களையத்தக்க ஒன்று, தேடுசுருளின் அடியில் மாட்டப்படும் பிளாஸ்டிக் உறைக்குள் சேரும் அழுக்காகும்.

கருவி இயங்கும் முறை

தேடுதட்டினுள் பொதுவாக இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒன்றில் பாயும் மாறு மின்னோட்டம் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. இப்புலத்துக்குட்பட்ட உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவற்றால் தோன்றும் சிறு புலத்தை மற்றைய சுருள் உணர்கிறது. தொலைவு கூடக்கூட இவ்விளைவு மிக விரைவாகக் குறையும். ஆதலின் சுருளை ஒட்டிய சிறு பொருளும் ஆழத்திலுள்ள பெரும் பொருளை மறைக்க வல்லது.

1881-ஆம் ஆண்டில், சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலிலிருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இத்தகைய கருவியொன்றைப் பயன்படுத்தினார். குண்டு அகப்படவில்லை. படுக்கையிலிருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பியமை இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

உறைக்குள் சேர்வன

ஆற்று மணலிலும், தக்காணத்தின் எரிமலைப் பாறை சிதைந்துண்டான கரிசல் மண்ணிலும் மாக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாது கலந்துள்ளது. உறைக்குள் புகுந்த இத்துகள்கள், தட்டை வீசுந்தோறும் இடம் மாறி மாறிக் கருவியை ஒலிக்கச் செய்கின்றன. கடற்கரையின் உப்பு நீரும் மின்சாரத்தைக் கடத்துவதால் அவ்வாறே குழப்பும். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாக விளக்கலாம். காகிதம் சுற்றிய காந்தத்தை உலர்ந்த மணலில் இழுத்தால் கரிய துகள்கள் ஒட்டும். அவற்றைப் பொட்டலமாக்கிச் சுருளின் அருகே அசைத்துக் காட்டுக.

துப்புரவு

முதலில் கருவியை நிறுத்துக. கழற்றத்தக்க வெளியுறையை மட்டுமே எடுத்தல் வேண்டும். சுருள் பதிந்த தட்டைத் திறத்தலாகாது. விளிம்பைக் கைவிரலாலோ மரச் சீவலாலோ சிறிது சிறிதாக நெம்புக. இரண்டையும் நன்னீராலும் மென்மையான தூரிகையாலும் கழுவுக. பிசுக்கு இருப்பின் சிறிது சோப்பு நீர் போதும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் ஆகியவை பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பின்னர் நிழலில் முற்றிலும் உலர்த்துக. கடும் வெயிலில் உறை வளையக்கூடும். வெடிப்புக் கண்ட உறையை மாற்றிவிடுதலே நன்று.

அடைப்பு

ஈரம் உள்ளிருக்க விளிம்பை அடைத்தல், அடைக்காது விடுவதினும் தீது. அவ்வீரம் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். நன்கு உலர்ந்தபின் விளிம்பைச் சுற்றி மின்பணியாளர் பயன்படுத்தும் பிளாஸ்டிக் நாடாவை இழுத்து ஒட்டுக. நீரில் நெடுநேரம் பணி செய்வதாயின் சிலிக்கோன் பசையை மெல்லிய கோடாக இடலாம். மீண்டும் கழற்ற வேண்டியிருத்தலால் தடித்த பூச்சு வேண்டாம். காடி நாற்றம் வீசும் வகைப் பசை செம்பை அரிக்கும், அதனைத் தவிர்க்க. உலோகத் தாள் நாடாவை எக்காரணத்தாலும் ஒட்டலாகாது.

சோதனை

உறையை மாட்டியபின் தட்டை நிலத்துக்கு மேலே உயர்த்தி வீசுக; விரலால் மெல்லத் தட்டுக. ஒலி எழாதிருத்தல் வேண்டும். எழுமாயின் உறையைக் கழற்றி மீண்டும் சோதிக்க. அப்போது ஒலி நின்றால் குறை உறையினுடையது. நில்லாவிடில் சுருளையோ அதன் இணைப்புக் கம்பியையோ பழுது பார்ப்போரிடம் காட்டுக. இறுதியாக, அளவறிந்த இரும்பாணி ஒன்றைக் குறித்த தொலைவில் வைத்து, கருவி முன்போல் ஒலிக்கின்றதா எனக் காண்க. மழைக்காலத்தில் ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் இதனைச் செய்து குறிப்பேட்டில் பதிதல் நலம். கருவி ஒலிக்காத நிலத்தை நம்பியே அடுத்தவர் காலடி வைக்கிறார்.